ஆறு சட்டைக்கு ஒரே எண்

அவளுக்கு என்று ஒரு பெயர் இருப்பதையே அந்தத் தெரு மறந்து இருபது வருடமாகிறது. காவலர் குடியிருப்புக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிய ஒற்றை அறைக் கடையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அவள் எல்லோருக்கும் நம்பரக்கா. காவலர் சட்டையில் இடது பாக்கெட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை இருக்குமே, வெள்ளை நூலில் நாலு இலக்கம் போட்டு, அதைத் தைப்பவள் அவள்தான். திருடன் ஓடும்போது பார்ப்பது அந்தப் பட்டையை அல்ல. அடிபட்டவன் கீழே விழுந்து நிமிரும்போது கண்ணுக்கு நேரே இருப்பது அதுதான்.

அவள் வேலைமுறை லேசானது, ஆனால் கறாரானது. காவல்துறையின் சீருடை ஸ்டோரிலிருந்து சட்டைக் கட்டும் பட்டியலும் வரும். கறுப்புத் துணியை விரித்து, துணி சுருங்காமலிருக்க அடியில் ஒரு கெட்டித்தாளை வைத்து, இரண்டையும் சேர்த்து மெஷினில் ஓட்டுவாள். எல்லா எண்ணும் முடிந்ததும் அடித்தாளை உரித்தெடுப்பாள். ஊசி போன இடமெல்லாம் தாள் அறுந்து துணியோடு போய்விடும், மிச்சத் தாளில் எண்களின் வடிவத்தில் ஓட்டை நிற்கும். வேறு யாராக இருந்தாலும் அதைக் குப்பையில் போடுவார்கள். இவள் பட்டியலோடு சேர்த்துக் குத்தி, தேதி எழுதி, கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் போட்டுவைப்பாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்டோர்க்காரர் ஒருமுறை, “ரெண்டு பட்டை குறையுதும்மா, எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டுவிட்டார். போலீஸ் எண்ணை எடுத்துப்போய் அவள் என்ன செய்யப்போகிறாள், நெற்றியிலா ஒட்டிக்கொள்வாள். ஆனாலும் அந்தச் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று ஆரம்பித்த பழக்கம்.

வீட்டில் அவளோடு ஒரு தம்பி இருந்தான். பதினோரு வயது இளையவன். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு எல்லாமாக இருந்தது அவள்தான். கல்யாணமாகி நாலே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு வீட்டில் பேச இருந்த ஒரே ஆளும் அவன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. சாயங்காலம் கையில் கிரீஸோடு வந்து, “இன்னைக்கு எத்தனை போலீஸ் தெச்சே?” என்பான். “பன்னெண்டு” என்பாள். “அத்தனை பேரையும் ஒரு ஆளா சமாளிச்சியா?” என்று சிரிப்பான். தினமும் இதே ஜோக். தினமும் அவளும் சிரிப்பாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் வேலைக்குப் போகும் வழியில் சாலைச் சோதனையில் நிறுத்தினார்கள். பைக்கில் கருவிப்பை இருந்தது. என்ன பை, எதற்குப் பை என்று பேச்சு வளர்ந்தது. ஒரு காவலர் ஓங்கி அறைந்தார். இடது காதில் சவ்வு கிழிந்தது. கீழே கிடந்தவன் தன் அக்கா தைத்த பட்டையைப் பார்த்தான். நாலு, நாலு, ஏழு, ஒன்று. சின்ன வயதிலிருந்து அவள் எழுத்தோடு வளர்ந்தவன், அவள் போடும் ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு உண்டென்று தெரிந்தவன். படித்தது தப்பாகாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். புகார் எழுதிக் கொடுத்தான்.

நாலு நாலு ஏழு ஒன்று யாரென்று அவளுக்கும் தெரியும். ஏட்டய்யா. ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த, எறும்பைக் கண்டால் சுற்றிப் போகிற மனுஷன். அந்த வாரம் குடலிறக்க அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவளே பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“தம்பி, நீ சரியா பாத்திருக்க மாட்டேடா. வலியில கண்ணு கலங்கியிருக்கும்.”

“ஆளு யாரோக்கா. நம்பர நான் பாத்தேன்.”

“அவரு படுக்கையில கெடந்தாருடா. நானே போயி பாத்தேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

அவள் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசாரணை அதிகாரி வந்து கேட்டபோது, நேர்மை என்ற ஒன்று அவளை முன்னால் தள்ளியது. ஏட்டய்யா அந்த நாளில் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சொன்னது சத்தியம். தம்பி, “ஆளை முன்னாடி நிறுத்துங்க, யாருன்னு காட்டுறேன்” என்று கரடியாய்க் கத்திப் பார்த்தான். நம்பர் தப்பு என்றால் ஆளும் தப்பு என்று சொல்லி, பொய்ப்புகார் என்று முத்திரை குத்திக் கோப்பை மூடினார்கள். கம்பெனி அவனை நிறுத்தியது. அதற்கடுத்த வாரம் அவன் ஊரை விட்டே போனான். போகும்போது, “உன் கையெழுத்து அழகா இருந்துச்சுக்கா” என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவன் போன் எண் சித்தியிடம் இருந்தது. அதை வாங்கி இவள் வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். “தம்பி” என்றதுமே இணைப்பு போய்விடும்.

ஏழு வருடம் ஒருத்திக்கு மட்டும் சமைத்தாள். ஒருத்திக்குச் சமைப்பது எவ்வளவு சிரமமென்று சமைத்தவர்களுக்குத்தான் தெரியும், எந்த அளவும் கொஞ்சம் மிஞ்சும். அவன் படுத்த மூலையில் நூல்கண்டுப் பெட்டிகளை அடுக்கினாள். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்ட நகர்த்துவாள், தட்டிவிட்டு அதே இடத்தில் வைப்பாள்.

இந்த வருடம் அந்த மசோதா வந்தது. காவலர் கண்ணியப் பாதுகாப்பு மசோதா என்று பெயர். பெயரைக் கேட்டால் எதிர்க்க யாருக்கு மனசு வரும். உள்ளே பார்த்தால்தான் விஷயம். இனி சீருடையில் எண் வேண்டியதில்லை. காவலர் மீதான புகாரில் ஒரு விவரம் தப்பாக இருந்தாலும் புகார் கொடுத்தவருக்குச் சிறை. புகார்களை விசாரிக்க இருந்த தனி வாரியமும் கலைக்கப்படும். அடிப்பது யாரென்று தெரியாது, தெரியாமல் சொன்னால் உள்ளே போகலாம், சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. மூன்றும் சேர்ந்தால் கண்ணியம்.

நம்பரக்காவுக்கு முதலில் உறைத்தது அதெல்லாம் இல்லை. பொய் சொல்வானேன், பட்டை இல்லையென்றால் தன் மெஷின் எதற்கு என்றுதான் அவள் யோசித்தாள். சட்டமன்றக் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது, யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம், பேசியதெல்லாம் அச்சாகும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் பட்டை தைத்திருக்கிறேன் என்று ஆதாரத்தோடு சொல்லலாம், பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்று கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரப்பெட்டியை இழுத்தாள்.

அதே செய்தித்தாளில், மசோதா ஏன் வேண்டுமென்று அரசு சொன்ன விளக்கமும் இருந்தது. ‘ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்த காவலர்மீது இளைஞர் ஒருவர் எண்ணைக் குறிப்பிட்டுப் பொய்ப்புகார் அளித்த சம்பவம்’ என்று ஒரு வரி. பெயர் இல்லை. அவளுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. தன் தம்பியின் காதை வைத்துச் சட்டம் போடுகிறார்கள் என்று புரிந்தபோது செய்தித்தாளை மடித்து வைத்தாள். பிறகு அந்த வருடத்துக் கட்டைத் தேடி எடுத்தாள். ஏன் எடுத்தாளென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சம்பவத்துக்கு மூன்று மாதம் முந்திய ஒரு பட்டியல். நாலு நாலு ஏழு ஒன்று, சட்டை நாலு. அதற்குக் கீழ் வரி, நாலு நாலு ஒன்று ஏழு, சட்டை இரண்டு. பக்கத்தில் ‘புதிதாக மாற்றலாகி வந்தவர்’ என்று ஸ்டோர்க்காரரின் கோழிக் கிறுக்கல். அவள் அடித்தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கறுத்த தாளில் எண்கள் வெளிச்சமாக நின்றன. எண்ணினாள். 4471 என்று ஆறு முறை. 4417 ஒருமுறைகூட இல்லை.

தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே, ‘கரண்ட் போச்சு, மத்தியானம் மிச்சம்’ என்று எழுதியிருந்தது. நினைவு வந்துவிட்டது. பாதியில் கரண்ட் போய், மத்தியானம் வந்து, விட்ட இடம் எதுவென்று பார்க்காமல் கைப்பழக்கத்தில் அதே எண்ணை ஓட்டியிருக்கிறாள். ஸ்டோர்க்காரர் பட்டை ஆறு இருக்கிறதா என்று பார்த்திருப்பார், அதில் என்ன இருக்கிறதென்று பார்த்திருக்க மாட்டார். புதிதாக வந்தவர் ஏட்டய்யாவின் எண்ணை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு வருடம் தெருவில் நின்றிருக்கிறார். தெரியாமல் போட்டுக்கொண்டாரா, தெரிந்து சௌகரியமாக இருந்ததா, அது அவருக்கே வெளிச்சம். அடுத்த வருடம் சரியான எண்ணில் புதுச் சட்டை போயிற்று. தப்பு வந்த சுவடே தெரியாமல் மறைந்தது.

தம்பி சரியாகத்தான் படித்தான். அவள் தைத்ததை அவள் தைத்தபடியே படித்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை தம்பியின் மேலேயே விழுந்தது, அதற்கு மேல் அவன் பொய் சொல்கிறான் என்று கையெழுத்தும் போட்டது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வெளியே போகாமலிருக்க எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி அழுதாள். எதிரே காவலர் குடியிருப்பு, எல்லாருக்கும் காது உண்டு.

உடனே போன் போட்டாள். “தம்பி” என்றாள். இணைப்பு போயிற்று. சித்தியிடம் விஷயத்தைச் சொல்லி, அவனிடம் சொல்லச் சொன்னாள். சித்தி திரும்பிக் கூப்பிட்டு, “உன் பேச்சை எடுத்தா எங்கூடவும் பேச மாட்டேங்கிறான்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றாள்.

மசோதாவை எதிர்க்கும் சங்கம் ஒன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்தது. தாளோடு அங்கே போனாள். ஒரு வக்கீலம்மா இருந்தார். தாளை ஜன்னலில் பிடித்து எண்களைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“இத வெச்சு தம்பி கேஸைத் திறக்கச் சொல்லி மனுப் போடலாமா?” என்று இவள் கேட்டாள்.

“காலம் தாண்டிப்போச்சும்மா. அதை விடுங்க. வர்ற வாரம் குழு முன்னாடி இதச் சொல்லப்போறீங்களா?”

“சொல்லணும்.”

“சொல்லாதீங்க. நான் கடுமையாப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. நம்பரே நம்ப முடியாதுன்னுதான் அவங்க சொல்றாங்க. நீங்க போயி ஆமா, நானே தப்பா தெச்சேன்னு சொன்னா, வலியப் போயி அவங்க கையில கத்தியைக் குடுத்த மாதிரி. ஒம்பது பேர் குழு, ரெண்டு பேர் இன்னும் முடிவு பண்ணல. உங்க பிழைப்புப் போகுதுன்னு மட்டும் பேசுங்க, அது போதும்.”

அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. படி இறங்கும்போது நம்பரக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் மசோதா ஒருவேளை தோற்கலாம், ஊருக்கு நல்லது. ஆனால் தம்பி எல்லாக் காகிதத்திலும் பொய்யனாகவே இருப்பான். அவன் போனில் பேச மாட்டான், சித்தி சொல்ல மாட்டாள், கோர்ட்டு திறக்காது. அச்சில் ஏறி அவன் கைக்குப் போகக்கூடிய ஒரே இடம் அந்த மூன்று நிமிடம்தான். ஒருமுறை நேர்மை என்று நினைத்துக்கொண்டு முந்திப் பேசி வீட்டைக் காலி செய்தவளுக்கு, இந்த முறை எது நேர்மை என்றே பிடிபடவில்லை.

கருத்துக் கேட்புக் கூடம் பெரியது. இருநூறு நாற்காலி, முப்பது பேர்கூட இல்லை. பாதிப் பேர் மஃப்டியில் வந்த காவலர்கள், அதில் பலருக்கு அவள் எண் தைத்திருக்கிறாள். அவளைப் பார்த்து, “என்னக்கா இங்க?” என்று ஒருவர் சிரித்தார். வாசலில் ஒரு குமாஸ்தா பதிவேட்டை நீட்டினார். பெயர், தொழில், ஆதரவா எதிர்ப்பா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன உறவு. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. அவள் ‘அக்கா’ என்று எழுதினாள்.

கூப்பிட்டபோது பையை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். முன்னால் ஒன்பது பேர், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா மூன்றாவது வரிசையிலிருந்து அவளையே பார்த்தார். நம்பரக்கா பிழைப்பைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். இருபது வருடம், இத்தனை ஆயிரம் பட்டை. ஒரு நிமிடம் போயிற்று. அதற்குமேல் அவளால் அதைப் பேச முடியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்துக் கூடத்து ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடித்தாள்.

“உங்க விளக்கத்துல ஒரு பையன் பொய் சொன்னான்னு போட்டிருக்கீங்க. அது என் தம்பி. அவன் பொய் சொல்லல. இந்த நம்பர ஆறு சட்டையில தெச்சது நான். அதுல ரெண்டு சட்டை வேற ஆளுக்குப் போச்சு. அவன் பாத்தது நிஜம். தப்பு என் கையில.”

போனைப் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். மீசை வைத்த ஒரு உறுப்பினர், இதுதான் சமயம் என்பதுபோல மைக்கை இழுத்தார்.

“அம்மா, நல்லாச் சொன்னீங்க. நாங்க சொல்றதையே நீங்களும் சொல்றீங்க. ஒரு தையல்காரங்க கை தவறினா நம்பர் மாறிடும். அப்படிப்பட்ட நம்பர நம்பி ஒரு காவலர் மேல எப்படி நடவடிக்கை எடுக்கிறது?”

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். நம்பரக்காவுக்கு வாதம் தெரியாது, தையல்தான் தெரியும். தெரிந்ததைச் சொன்னாள்.

“ஐயா, தப்பாவாச்சும் ஒரு நம்பர தெச்சிருந்ததாலதான் ஏழு வருஷம் கழிச்சாவது என் தப்பை நான் கண்டுபிடிச்சேன். ஒண்ணுமே தைக்காத சட்டையா இருந்தா எதை வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கிறது? தம்பிகிட்ட அன்னைக்கு, வா, ஆளைக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்களும் கேக்கல. நானும் கேக்கல.”

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. தலைவர், “நன்றி, அடுத்தவர்” என்றார். அவள் தாளைக் கிழியாமல் மடித்துப் பையில் வைத்து, யாரும் உட்காராத ஒரு வரிசையில் போய் உட்கார்ந்தாள். “என்னக்கா இங்க?” என்று சிரித்தவர் இந்த முறை தலையைத் திருப்பிக்கொண்டார்.

குழுவில் ஐந்துக்கு நாலு என்று மசோதா தேறியது. அந்த ஒரு ஓட்டு அவளால் போனதா, எப்படியும் போயிருக்குமா, யாரும் சொல்லவில்லை. வக்கீலம்மா வாசலில் வந்து அவள் தோளைத் தொட்டார். “என்கிட்டக் கேட்டா இப்பவும் சொல்லாதீங்கன்னுதான் சொல்வேன்” என்றார். “ஆனா நான் அக்கா இல்லியே.” மூன்று வாரத்தில் அவையிலும் நிறைவேறியது. ஸ்டோரிலிருந்து சட்டைக் கட்டு வருவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. குடியிருப்புப் பெண்கள் ஜாக்கெட் பிரித்துத் தைக்கக்கூட வேறு தெருவுக்குப் போனார்கள். ஏட்டய்யா ஓய்வுபெற்று அதே குடியிருப்பில், காவலரான மகன் வீட்டில் இருந்தார். ஒருநாள் எதிரே வந்தவர் நின்று, “அந்தப் பையன் காதுக்கு இப்ப எப்படிம்மா?” என்று கேட்டார். தெரியாது என்றாள். அந்த மாதம் முழுக்க அவளிடம் வலிய வந்து பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

கருத்துக் கேட்பின் முழுப் பதிவையும் அச்சிட்டு விற்றார்கள். அவள் ஒரு பிரதி வாங்கினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் பேசியது இருந்தது. ‘அவன் பொய் சொல்லல’ என்பதை, ‘அவர் பொய் கூறவில்லை’ என்று மாற்றியிருந்தார்கள். தம்பிக்கு முதல்முறையாக மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அடித்தாளை மடித்து வைத்து, சித்தியிடம் வாங்கிய முகவரிக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினாள். கடிதம் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம்.

ஒப்புகை அட்டை வந்தது. அதில் அவன் கையெழுத்து இருந்தது. அதை மெஷின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். பழைய திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், போன் அடித்தது.

“படிச்சேன்” என்றான். குரல் தடித்திருந்தது. அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

“தம்பி.”

“வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். ஏழுல குறுக்குக் கோடு இருக்கு.”

“இருக்குடா.”

அவன் இருக்கும் ஊரில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. அவன் வலது காதில்தான் போனை வைத்திருப்பான் என்று அவள் நினைத்தாள். கேட்கவேண்டியது ஆயிரம் இருந்தது, சொல்லவேண்டியது ஒன்றுதான்.

“நீ சரியாத்தான் பாத்தே” என்றாள் மெதுவாக. “நாந்தான் தப்பா தெச்சேன்.”

“கேக்கல. சத்தமாச் சொல்லு.”

அவள் எழுந்தாள். கை பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போயிற்று. எதிரே குடியிருப்பு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் நாலைந்து சீருடைச் சட்டைகள், பாக்கெட்டுக்கு மேலே வெறும் துணி. நம்பரக்கா ஜன்னல் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“நீ சரியாத்தான்டா பாத்தே” என்று கத்தினாள். “பொய் சொல்லல நீ. தப்பா தெச்சது நான். தப்பா கையெழுத்துப் போட்டதும் நான்.”

துணி காயப்போட்டவள் கையில் சட்டையோடு அப்படியே நின்றாள். பக்கத்து ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது.

“இப்பக் கேட்டுச்சாடா?”

“மொதல்லயே கேட்டுச்சுக்கா” என்றான் தம்பி, போனை வைத்துவிட்டான்.